இணையதளத்துக்கும் ஒரு பேரேடு வேண்டும்

கிடங்கில் உள்ள மூட்டைகளுக்கு இருப்புக் கணக்கு எழுதுகிறோம். கல்லாவில் உள்ள ரொக்கத்துக்கு அன்றன்றே கணக்கு முடிக்கிறோம். வெளியில் நிற்கும் கடனுக்குப் பேரேடு வைத்திருக்கிறோம். ஆனால் செலவு செய்து தொடங்கிய நம் இணையதளத்தில் எத்தனை பக்கங்கள் இருக்கின்றன, எந்தப் பக்கத்தில் என்ன விலை போட்டிருக்கிறது, அதைக் கடைசியாக யார் எப்போது பார்த்தார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் சொல்ல முடிவதில்லை. "அதைச் செய்து கொடுத்த பையனைத்தான் கேட்க வேண்டும்" என்போம். அந்தப் பையன் வேறு வேலைக்குப் போய் ஓராண்டு ஆகியிருக்கும்.

இணையதளமும் ஒரு கடைதான். இரவு ஷட்டரை இறக்கிய பிறகும் அது திறந்தே இருக்கிறது. நாம் பக்கத்தில் இல்லாதபோது வாடிக்கையாளரிடம் விலை சொல்லிக்கொண்டிருக்கிறது. கடைப் பையன் தவறான விலை சொன்னால் உடனே காதில் விழும், திருத்திவிடலாம். இணையதளம் தவறான விலை சொன்னால், வாடிக்கையாளர் அதைப் படம் பிடித்துக்கொண்டு வந்து நீட்டும் வரை நமக்குத் தெரியாது. ஆடித் தள்ளுபடி அறிவிப்பு ஐப்பசியிலும் முகப்பில் தொங்கிக்கொண்டிருப்பதை எத்தனையோ கடைகளின் தளங்களில் காண்கிறோம்.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. நம் முன்னோர் பேரேட்டில் பத்தி பிரித்து எழுதிய அதே முறைதான். தாளுக்குப் பதிலாக இண்டர்நெட்டில் உள்ள ஒரு ஸ்பிரெட்ஷீட், அவ்வளவே வித்தியாசம்.

ஒரே நாளில் பழசாகிப் போன விலைகள்

2025 செப்டம்பர் 22ஆம் தேதியை வணிகர்கள் எளிதில் மறக்க மாட்டோம். அன்றுதான் ஜி.எஸ்.டி. விகிதங்கள் பெருமளவில் மாறின. நெய், வெண்ணெய் ஆகியவற்றுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமாயிற்று. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், ஷாம்பு, பற்பசை, குளியல் சோப்பு, பிஸ்கட் முதலியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. ஏ.சி. போன்றவை 28இலிருந்து 18க்கு இறங்கின. மாற்றமே இல்லாத பொருட்களும் பல உண்டு.

பில் போடும் கம்ப்யூட்டரில் புதிய விகிதத்தை அநேகமாக எல்லோரும் ஏற்றினோம். இணையதளம்? வரிக்கு முந்திய விலை 600 ரூபாய் உள்ள ஒரு நெய் டின்னை எடுத்துக்கொள்வோம். 12 சதவீத வரியோடு 672 ரூபாய். 5 சதவீத வரியோடு 630 ரூபாய். தளத்தில் 672 என்றே நின்றால், "இந்தக் கடைக்காரர் வரிக் குறைப்பைத் தராமல் விழுங்குகிறார்" என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். கடையில் நாம் 630க்கே விற்றுக்கொண்டிருக்கலாம். அது அவருக்கு எப்படித் தெரியும்? 42 ரூபாயில் நல்ல பெயர் போகிறது. விலை ஏறும்போது நேர்மாறாக நடக்கும். தளத்தில் உள்ள பழைய குறைந்த விலையைக் காட்டி, அதற்கே கொடு என்று வாடிக்கையாளர் கேட்பார். சண்டை போட்டாலும் நஷ்டம், கொடுத்தாலும் நஷ்டம்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் வந்த இ-காமர்ஸ் விதிகள் 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளன. இணையதளத்தில் ஆர்டர் எடுத்து விற்கும் கடை தன் சட்டப்பூர்வமான பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு விவரம், குறை தீர்க்கும் அதிகாரி யார் என்பது ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும். மொத்த விலையை வரி முதலியன சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லி, பிரித்தும் காட்ட வேண்டும். வந்த புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொட்டலப் பொருட்களின் எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் பெயர் போன்றவற்றை இணையத்திலும் காட்ட வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதிகளின்படி 2018 ஜனவரி முதலே உண்டு. குறை தீர்க்கும் அதிகாரியாகப் போட்டிருந்த மேனேஜர் வேலையை விட்டுப் போயிருந்தால், அந்தப் பக்கமும் பழைய விலை போலவே நம்மைச் சிக்கலில் மாட்டிவிடும்.

ஷீட் புதிய சங்கதி அல்ல

ஸ்பிரெட்ஷீட் என்பது கணக்கர்கள் விரித்து வைத்து எழுதிய அகலமான கணக்குத் தாளின் பெயர்தான். அதை 1979இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இருவர் 'விசிகால்க்' என்ற பெயரில் ஆப்பிள் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார்கள். பின்னர் லோட்டஸ் வந்தது, எக்ஸெல் வந்தது. 2006இல் கூகுள் நிறுவனம் இண்டர்நெட்டிலேயே பலரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஷீட்டைக் கொண்டுவந்தது. இப்போது அதைத் தனிநபர் கணக்கில் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ ஷீட்டும் இவ்வகையே. எதை எடுத்தாலும் முறை ஒன்றுதான்.

கடையில் ஒருவர் கம்ப்யூட்டரில் எழுதுவார், முதலாளி வெளியூரில் கொள்முதலுக்குப் போன இடத்தில் செல்போனிலேயே அதைப் பார்ப்பார். நம் தொழிலுக்கு இதில் உள்ள பெரிய வசதி இதுதான்.

ஒன்பது பத்திகள் போதும்

ஒரு பக்கத்துக்கு ஒரு வரிசை. இதுவே முதல் விதி. ஒவ்வொரு வரிசையிலும் ஒன்பது பத்திகள்.

1. வரிசை எண்.
2. பக்கத்தின் பெயர். முகப்பு, நெய் வகைகள், டெலிவரி விவரம் என்பது போல.
3. பக்கத்தின் இணைய முகவரி. தட்டினால் அந்தப் பக்கம் திறக்க வேண்டும்.
4. எதனால் மாறும்? வரி, விலை, பண்டிகை, இருப்பு, ஆட்கள் என்று எழுத வேண்டும்.
5. பொறுப்பாளர். ஒருவர் பெயர் மட்டும்.
6. கடைசியாகச் சரிபார்த்த தேதி.
7. எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்?
8. அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி.
9. நிலை. சரி, திருத்த வேண்டும், நீக்கியது என்று மூன்றே சொற்கள்.

எட்டாம் பத்தியை நாம் கையால் எழுத வேண்டியதில்லை. ஆறாம் பத்தியில் உள்ள தேதியோடு ஏழாம் பத்தியில் உள்ள நாட்களைக் கூட்டச் சொன்னால் ஷீட்டே அடுத்த தேதியைப் போட்டுவிடும். அந்தத் தேதி கடந்துவிட்டால் கட்டம் சிவப்பாக மாறும்படி 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' என்ற வசதியில் ஒரு முறை சொல்லி வைத்தால் போதும். கடன் தவணை தாண்டியவர் பெயருக்கு எதிரே பேரேட்டில் சிவப்பு மையால் குறி போடுவோமே, அதே வேலை.

எல்லாப் பக்கத்துக்கும் ஒரே கெடு வைக்கக் கூடாது. விலை உள்ள பக்கத்துக்கு 7 நாள், டெலிவரி விவரத்துக்கு 30 நாள், கடையின் வரலாறு சொல்லும் பக்கத்துக்கு 180 நாள் என்று சரக்கின் தன்மை பார்த்து வைக்க வேண்டும். தயிரையும் உப்பையும் ஒரே மாதிரி சோதிப்பதில்லை அல்லவா?

நான்காம் பத்தியில்தான் லாபம்

பெரும்பாலோர் பக்கத்தின் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். உண்மையில் நான்காம் பத்திதான் இந்தப் பதிவேட்டின் உயிர். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு மளிகைக் கடையின் தளத்தில் முகப்பு, கடை பற்றி, தொடர்பு, டெலிவரி, திரும்பப் பெறும் விதி என 5 பக்கங்கள், பண்டிகைச் சலுகைப் பக்கங்கள் 2, பொருள் பக்கங்கள் 35, ஆக 42 பக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம். வரி மாறும் செய்தி வருகிறது. பதிவேடு இல்லாதவர் 42 பக்கங்களையும் திறந்து பார்க்க வேண்டும், அல்லது நினைவில் வருவதை மட்டும் திருத்த வேண்டும். பதிவேடு உள்ளவர் நான்காம் பத்தியில் 'வரி' என்ற சொல் உள்ளவற்றை மட்டும் காட்டு என்று 'ஃபில்டர்' போட்டால், பார்க்க வேண்டிய பக்கங்கள் மட்டும் வரிசையாக நிற்கும். புதிய விகிதம் அமலுக்கு வருவதற்கு முதல் நாள் இரவே பட்டியல் கையில் இருக்கும். மேனேஜர் மாறினால் 'ஆட்கள்' என்று தேடலாம். தீபாவளி முடிந்த மறுநாள் 'பண்டிகை' என்று தேடினால் கழற்ற வேண்டிய அறிவிப்பெல்லாம் வரும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லோரும் ஒரே சொல்லை எழுத வேண்டும். ஒருவர் 'வரி' என்றும் இன்னொருவர் 'டாக்ஸ்' என்றும் எழுதினால் பாதிப் பக்கங்கள் ஃபில்டரில் அகப்படாது. ஆகவே என்னென்ன சொற்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்து ஷீட்டின் தலைப்பில் எழுதி வைத்துவிடுங்கள்.

இன்னொரு இடத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். எழுத்தில் உள்ள விலையைத் திருத்துவார்கள். படத்தோடு படமாக அச்சடித்தது போல் உள்ள விலை அப்படியே நிற்கும். முகப்பில் ஓடும் சலுகைப் படம், மொத்த வியாபாரிகளுக்காக ஏற்றி வைத்த பி.டி.எஃப். விலைப்பட்டியல் ஆகியவை இப்படிப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை கொடுத்து, 'படத்தில் விலை உண்டு' என்று பெயரோடு சேர்த்து எழுதிவிட வேண்டும்.

அதே போல நம் விலை தளத்தில் மட்டும் இருப்பதில்லை. வாட்ஸ்அப் கேட்டலாகில் இருக்கிறது. கடை திறக்கும் நேரமும் போன் நம்பரும் கூகுள் மேப்பில் இருக்கின்றன. மொத்த வியாபாரிகள் சிலர் இண்டியாமார்ட் போன்ற இடங்களிலும் பதிந்திருக்கிறார்கள். இவையும் நம் கடையின் பலகைகளே. பதிவேட்டின் கடைசியில் இவற்றுக்கும் வரிசை ஒதுக்குங்கள்.

பூட்டும் சாவியும்

ஷீட்டைப் பிறருக்குத் திறந்துவிடுவதில் மூன்று நிலைகள் உண்டு: பார்க்க மட்டும், கருத்து எழுத மட்டும், திருத்த. பொறுப்பாளர்களுக்கு மட்டும் திருத்தும் உரிமை கொடுங்கள். 'லிங்க் வைத்திருக்கும் யாரும் திருத்தலாம்' என்று வைத்துவிடுவது கல்லாவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவதற்குச் சமம். யாராவது தவறுதலாக அழித்துவிட்டாலும் பயமில்லை. 'வெர்ஷன் ஹிஸ்டரி' என்ற இடத்தில் முந்தைய நிலை இருக்கும், மீட்டுக்கொள்ளலாம். யார் எப்போது மாற்றினார் என்பதும் அங்கே தெரியும்.

பாஸ்வேர்டை மட்டும் ஒரு நாளும் இந்த ஷீட்டில் எழுதக் கூடாது. ஆனால் தளத்தின் பெயர்ப் பதிவு, அதாவது டொமைன், எந்தத் தேதியில் முடிகிறது, யார் பெயரில் இருக்கிறது என்பதை ஒரு வரிசையில் எழுத வேண்டும். கெடு தாண்டிக் கவனிக்காமல் விட்டால் நம் கடைப் பெயரில் உள்ள அந்த முகவரியை வேறொருவர் வாங்கிவிட வழியுண்டு. அந்தப் பதிவு தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால், உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி இன்றே கேளுங்கள். கடை வாடகைப் பத்திரத்தை யாரும் வேலையாள் பெயரில் எழுதுவதில்லை.

ஒரு பொருளை நிறுத்திவிட்டால் அந்த வரிசையை அழித்துவிடாதீர்கள். 'நீக்கியது' என்று நிலையை மாற்றித் தேதி போட்டு வையுங்கள். பழைய லிங்க்கை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்பார். பேரேட்டில் தாளைக் கிழிப்பதில்லை என்பது இங்கும் பொருந்தும்.

எதைச் செய்யாது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஷீட்டில் 'சரி' என்று எழுதிவிட்டால் தளத்தில் விலை தானாக மாறிவிடாது. பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே தேதி போட வேண்டும். பார்க்காமல் தேதி போடும் பழக்கம் வந்துவிட்டால் பதிவேடு இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல். ஏனெனில் அதை நம்பி நாம் ஏமாந்துவிடுவோம். மாதம் ஒரு முறை முதலாளியே ஐந்து வரிசைகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து, பக்கத்தோடு ஒத்துப் பார்ப்பது நல்லது.

ஆயிரக்கணக்கில் பொருட்கள் உள்ள பெரிய கடைகளுக்கு இது போதாது. அவர்கள் பில் போடும் சாஃப்ட்வேரையும் தளத்தையும் நேரடியாக இணைத்துக்கொள்வதே சரி. அப்போதும் டெலிவரி விதி, முகவரி, சலுகைப் படம் போன்றவற்றுக்கு இந்தப் பதிவேடு தேவைப்படும்.

முப்பது நாற்பது பக்கங்கள் உள்ள நம் போன்ற கடைகளுக்கோ இதைவிட மலிவான காவல் வேறில்லை. ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம் என்று கணக்கிட்டால், 42 பக்கங்களுக்கு 126 நிமிடம். ஒரு விடுமுறை நாளின் பிற்பகல் போதும். அதன் பிறகு வாரம் ஒரு முறை சிவப்புக் கட்டங்களை மட்டும் பார்த்தால் போதும். சரக்கு இருப்பு எடுக்கும்போது கிடங்கின் மூலையில் மறந்து போன மூட்டை ஒன்று அகப்படுவதுண்டு. முதல் முறை இந்தப் பட்டியலை எழுதும்போதும் அப்படித்தான்: நாம் மறந்தே போன பக்கங்கள் சில கட்டாயம் அகப்படும். முதல் வேலையாக அவற்றில் உள்ள விலையைப் பாருங்கள்.