கோமாரி நோயும் பரிசோதனைச்சாலையும்

மாட்டின் வாயினின்று எச்சில் கயிறுபோல் வடிய, நாக்கிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளங்கள் தோன்றினால், அது கோமாரி எனக் குடியானவர் கூறிவிடுவர். அவர் கூற்றுப் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயினும் அஃது எவ்வகைக் கோமாரி என்பதைக் கண்ணால் அறிதல் இயலாது. பரிசோதனைச்சாலையே அதனைக் கூறவல்லது.

வகையை அறிவதால் வரும் பயன் யாது? இந்நோயின் வைரஸ் ஏழு வகைப்படும். இந்தியாவில் இக்காலத்தில் ஓ, ஏ, ஆசியா-1 என்னும் மூன்று வகைகளுக்கெதிராகத் தடுப்பூசி போடப்படுகிறது. ஒரு வகையினின்று தேறிய மாடு மற்றொரு வகையால் மீண்டும் நோயுறக்கூடும். அன்றியும் ஒரே வகைக்குள்ளும் வைரஸ் காலப்போக்கில் மாறுபடும். பரவும் வைரஸுக்கும் மருந்துக்கும் பொருத்தமில்லையெனில் ஊசி போட்டும் முழுப் பயன் கிட்டாது.

இவ்வைரஸ் பாக்டீரியாக்களைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்லும் என்பதை ஜெர்மானிய அறிஞர்களான லோப்லரும் பிராஷும் 1898-ல் வெளியிட்டனர். சாதாரணப் பூதக்கண்ணாடிக்கு அது புலப்படாது. ஆகவே வேறு வழிகளைக் கையாளுகின்றனர்.

முதலாவது, எலைசா என்னும் சோதனை. சிறு குழிகளையுடைய தட்டில், ஒவ்வொரு வகையையும் பற்றவல்ல எதிர்ப்புப் பொருளைத் தனித்தனியே பூசி, மாதிரியை இடுவர். எவ்வகைக்குரிய குழி நிறம் மாறுகிறதோ, அதுவே நோயின் வகை. இரண்டாவது, பி.ஸி.ஆர். சோதனை. இது வைரஸின் மரபுப் பொருளைப் பலகோடி மடங்கு பெருக்கிக் காட்டுவதால், மிகச் சிறிய அளவும் தப்பாது. மூன்றாவது, இரத்த ஸீரத்தைச் சோதித்தல். வைரஸ் உடலிற் பெருகும்போது உண்டாகும் சில புரதங்கள், நன்கு சுத்தி செய்த தடுப்பு மருந்தில் இரா. அவற்றுக்கு எதிர்ப்புப் பொருள் காணப்படின், அம்மாட்டுக்கு நோய் கண்டிருந்தது என அறியலாம். ஊசி மட்டும் போட்ட மாட்டினை இவ்வாறு பிரித்துணர்வர்.

ஆனால் சோதனையின் பயன் மாதிரியைப் பொறுத்தது. உடையாத அல்லது அப்போதே உடைந்த கொப்புளத்தின் தோல் ஒரு கிராம் அளவேனும் வேண்டும். அமிலமும் காரமும் வைரஸை அழிக்குமாதலால், அதற்கெனத் தயாரித்த கிளிஸரின் திரவத்தில் இட்டு, பனிக்கட்டியுடன் அனுப்புதல் வேண்டும். புண் ஆறிய பின் அத்தோல் கிடைக்காது.

எனவே சங்க அங்கத்தினர் செய்யற்பாலன மூன்று: கொப்புளம் கண்ட அன்றே கால்நடை வைத்தியருக்குச் செய்தி அனுப்புக. அவர் மாதிரி எடுக்குமுன் புண்ணுக்கு மருந்திடாதிருக்க. தாமே கொப்புளத்தை அறுக்க முற்படாதிருக்க. கையும் ஆடையும் நோயை அடுத்த தொழுவுக்குக் கொண்டுசெல்லும்.

வெக்கை நோய் உலகினின்று ஒழிந்தது என 2011-ல் அறிவிக்கப்பெற்றது. தடுப்பூசியோடு, ஊர்தோறும் எடுத்த இரத்த மாதிரிகளின் சோதனையும் அவ்வெற்றிக்குத் துணை நின்றது. தங்கள் மாட்டின் இரத்தத்தைச் சோதிக்க இசைந்த குடியானவர்க்கும் அதில் பங்குண்டு.