நாய்க்கு மண்ணுக்கடியில் எலக்ட்ரானிக் வேலி: காம்பவுண்டு சுவர் காசு மிச்சமாகுமா?

வீட்டுக் கடன் பற்றி வீடியோ போட்டால் கேள்வி எல்லாம் வட்டி விகிதத்தைச் சுற்றித்தான் வரும். இந்த முறை ஒருவர் கேட்டது வேற மாதிரி. ஊருக்கு வெளியே ஒரு கிரவுண்டில் வீடு கட்டி முடித்துவிட்டார். கை காலி. காம்பவுண்டு சுவர் இன்னும் போடவில்லை. வீட்டு நாய் ரோட்டுக்கு ஓடுகிறது. ஆன்லைனில் 15,000 ரூபாய்க்கு மண்ணுக்குள் புதைக்கும் எலக்ட்ரானிக் வேலி கிட் விற்கிறதே, அதை வாங்கினால் ஒன்றரை லட்சம் சுவர்ச் செலவு மிச்சம்தானே என்று கேட்கிறார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இது காட்டுப்பன்றிக்குப் போடுகிற மின்வேலி இல்லை. மண்ணுக்கடியில் இரண்டு மூன்று அங்குலத்தில் ஒரு ஒயர் ஓடும். வீட்டுக்குள் மாட்டிய பெட்டி அந்த ஒயர் வழியே ரேடியோ சிக்னல் அனுப்பும். நாயின் கழுத்துப் பட்டையில் ஒரு ரிசீவர் இருக்கும். நாய் எல்லையை நெருங்கினால் முதலில் 'பீப்', இன்னும் போனால் கழுத்தில் சுருக்கென்று ஒரு ஷாக். ஒயரை மிதித்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. (கிட்டுக்குப் பதிலாக நானே கரண்ட் கொடுத்து வேலி போட்டுக்கிறேன் என்று யாராவது யோசித்தால், தயவுசெய்து வேண்டாம். உயிர் போகும், அப்புறம் ஜெயில்தான்.)

இந்த ஐடியா அமெரிக்காவில் பிறந்தது. 1973-ல் ரிச்சர்ட் பெக் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அங்கே புறநகர் வீடுகளின் முன்புறம் பெரும்பாலும் திறந்த புல்வெளி. பல குடியிருப்புச் சங்கங்கள் வேலி போடவே விடாது. தெருவில் அலையும் நாய்களும் நம்ம ஊர் அளவுக்குக் கிடையாது. அந்த இடத்துக்கு அது பொருந்துகிற பொருள். ஆனால் அங்கேயும் எல்லோரும் ஏற்றுக்கொண்டது என்று நினைக்காதீர்கள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இந்த வேலிப் பட்டை உட்பட நாய், பூனைக்கு ஷாக் கொடுக்கும் பட்டைகளை 2010-லேயே தடை செய்துவிட்டார்கள்.

இப்போ காசு. கீழே இருப்பவை நான் ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஊர் கொட்டேஷனை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். 40-க்கு 60 மனை என்றால் சுற்றளவு 200 அடி. கிட் 15,000. பள்ளம் தோண்ட, கூடுதல் ஒயர் வாங்க 5,000. பழக்குவதற்கு ஒரு டிரெய்னர் 6,000. இந்தக் கடைசி ஐட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எல்லையில் சின்னச் சின்னக் கொடி நட்டு, கயிற்றைக் கையில் பிடித்தபடி இரண்டு வாரமாவது தினமும் பழக்கணும். இல்லாவிட்டால் ஷாக் எதற்கு அடிக்கிறது, எந்தப் பக்கம் ஓடணும் என்று நாய்க்குப் புரியாது. அப்புறம் பட்டைக்கு பேட்டரி, வருஷத்துக்கு 1,600 என்று வைத்தால் ஐந்து வருஷத்தில் 8,000. நடுவில் ஒரு தடவை பட்டை மாற்ற 7,000. மொத்தம் 41,000 ரூபாய். ஐந்து வருஷம் கழித்து இதன் மறுவிற்பனை மதிப்பு? பூஜ்யம்.

அதே 200 அடிக்குக் கல்தூண் நட்டுக் கம்பி வேலி போட அடிக்கு 200 என்றால் 40,000, கேட்டுக்கு 20,000. அறுபதாயிரத்தில் முடிகிறது. ஆக, உண்மையான வித்தியாசம் 19,000 ரூபாய். கிட் விலையைச் சுவர் விலையோடு ஒப்பிட்டதால்தான் அது ஒன்றரை லட்சம் மிச்சம் மாதிரித் தெரிந்தது.

அந்த 19,000-க்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று பாருங்க. இந்த வேலி பட்டை மாட்டிய நாயை மட்டும்தான் தடுக்கும். தெருநாய் தாராளமாக உள்ளே வரும். நாலு நாய் சேர்ந்து துரத்தினால் உங்கள் நாய் எல்லையைத் தாண்டி ஓடவும் பயப்படும், உள்ளே நின்று கடி வாங்கும். ரேபிஸ், பார்வோ எல்லாம் அப்படி வாசலுக்கே வந்து சேரலாம். ஒரு தடவை பார்வோவுக்கு டிரிப் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு 19,000 எவ்வளவு சின்னத் தொகை என்று தெரியும்.

நாய் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ என்றால் இன்னொரு தலைவலி. முயலோ பூனையோ கண்ணில் பட்டால் அது முழு வேகத்தில் ஓடும், பீப் கேட்கிற நேரத்துக்குள் எல்லையைத் தாண்டியிருக்கும். வேட்டை வெறியில் தாங்கிக்கொண்ட அதே ஷாக்கை, திரும்பி வரும்போது தாங்கத் தயாராக இருக்காது. வீட்டு வாசலைப் பார்த்தபடி ரோட்டிலேயே நிற்கும்.

கரண்ட் போனால் பெட்டி அணைந்துவிடும், அதற்குத் தனியாக யுபிஎஸ் வேணும். பைப் போட வந்தவர் ஒயரை வெட்டினால் எங்கே வெட்டுப்பட்டது என்று தேடணும். பட்டையையும் நாள் முழுக்க மாட்டி வைக்க முடியாது. கழுத்தில் புண் வரும் என்பதால் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். காவலுக்காக ராத்திரி மாட்டினால் பகலில்? கட்டித்தான் போடணும்.

நாய் யாரையாவது கடித்தால்

நம்ம கணக்கில் இதுவரை வராத வரி இது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ம் பிரிவைப் படியுங்கள். தன் விலங்கால் மற்றவர் உயிருக்கு ஆபத்தோ பலத்த காயமோ வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாய்தான். இதுபோக, கடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம். அந்தத் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. 'பட்டை மாட்டியிருந்தேன், பேட்டரி தீர்ந்துபோச்சு' என்பதை எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் அலட்சியத்துக்கே சாட்சியாக மாற்றிவிடுவார். நாய்க் காப்பீடு எடுத்தால் மூன்றாம் நபர் பொறுப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சில பாலிசிகளில் உண்டு, சிலவற்றில் தனியாகக் கேட்டு வாங்கணும்.

அடுத்து என் ஏரியா, வருமான வரி. சுவர் உங்கள் சொத்தின் மேம்பாட்டுச் செலவு. பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது லாபத்திலிருந்து அதைக் கழிக்கலாம். 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கிய சொத்தை இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீத வரி, இண்டெக்சேஷன் கிடையாது. ஒன்றரை லட்சம் சுவருக்கு 18,750 ரூபாய் வரி குறையும். பில் வேணும், பணம் பேங்க் வழியாகப் போயிருக்கணும். மேஸ்திரி கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு எட்டு வருஷம் கழித்து என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய முடியும்? நாய்ப் பட்டை உங்கள் சொந்த உபயோகப் பொருள், அதற்கு எந்தக் கழிவும் இல்லை.

சுவருக்காகப் பெர்சனல் லோன் எடுக்கவும் நான் சொல்ல மாட்டேன். ஒன்றரை லட்சம், 14 சதவீதம், மூன்று வருஷம் என்றால் மாதம் சுமார் 5,127. வட்டி மட்டும் 34,500-க்கு மேல். வீட்டுக் கடன் இருப்பவர்கள் டாப்-அப் கேட்டுப் பாருங்கள், வட்டி பெரும்பாலும் குறைவாக இருக்கும். புதிய வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இப்போதைக்குக் கடனே வேண்டாம் என்றால் வீட்டின் பின்பக்கம் மட்டும் அடையுங்கள். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மற்ற மூன்று பக்கம் 20 அடி வீதம் கம்பி வேலி. 60 அடிக்கு 12,000, சின்ன கேட் 6,000, ஆக 18,000. கிட்டைப் பொருத்திப் பழக்க ஆகும் 26,000-ஐ விடக் குறைவு. நாய் அதற்குள் இருக்கட்டும், காலையும் மாலையும் கயிறு போட்டு நடக்கக் கூட்டிப் போங்கள். மாதம் 8,000 ஆர்.டி. போட்டால் பத்தொன்பதாவது மாதத்தில் சுவருக்கான ஒன்றரை லட்சம் கையில் இருக்கும். மழைக்காலம் முடிந்த பிறகு மேஸ்திரியிடம் பேசுங்கள், அஸ்திவாரப் பள்ளத்தில் தண்ணீர் நிற்காது.