மெய்நிகர் மின்சுற்று சிமுலேட்டர்கள் வழியே மின்னணுவியல் கற்றல்

மின்சுற்று சிமுலேட்டர் என்பது, கணினித் திரையில் வரையப்பட்ட ஒரு மின்சுற்றின் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள் ஆகும். மின்தடை, மின்தேக்கி, டயோடு, டிரான்சிஸ்டர், ஐ.சி. போன்ற பாகங்களை விலை கொடுத்து வாங்காமலேயே இணைத்துப் பார்க்க இது வழி செய்கிறது. தவறாக இணைத்தாலும் எதுவும் கருகாது. ஆய்வக வசதி இல்லாத மாணவருக்கும், வீட்டிலிருந்து தாமாகவே கற்பவருக்கும் இது பெரிய வாய்ப்பு. ஆயினும் சிமுலேட்டர் காட்டுவது ஒரு கணக்கின் விடை. உண்மையான சுற்றில் எடுக்கப்பட்ட அளவீடு அன்று. இந்த வேறுபாட்டை அறிந்து பயன்படுத்துவோருக்கே அது முழுப் பயன் தருகிறது.

தோற்றம்

இன்றைய சிமுலேட்டர்கள் பலவற்றுக்கு அடிப்படையாக இருப்பது ஸ்பைஸ் என்னும் நிரல் ஆகும். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டுதலில் லாரன்ஸ் நேகல் இதை உருவாக்கினார். 1973ஆம் ஆண்டு இது வெளியுலகுக்கு அறிமுகமானது. ஐ.சி.க்குள் அமையும் சுற்றை பிரெட்போர்டில் கட்டிச் சோதிப்பது நம்பத்தகுந்த முடிவைத் தராது; தயாரித்த பின் பிழையைக் கண்டறிந்தால் செலவும் மிகுதி. எனவே, தயாரிக்கும் முன்பே சுற்றைக் கணக்கிட்டுப் பார்க்கும் தேவை எழுந்தது. ஸ்பைஸ் நிரலைப் பல்கலைக்கழகம் தாராளமாகப் பகிர்ந்ததால், அது கல்லூரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் விரைவில் பரவியது.

செயல்படும் விதம்

ஒரு சுற்றில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாகங்கள் சேரும் இடம் கணு எனப்படும். ஒரு கணுவுக்குள் வரும் மொத்த மின்னோட்டமும் அதிலிருந்து வெளியேறும் மொத்த மின்னோட்டமும் சமம் என்பது கிர்க்காஃப் விதி. சிமுலேட்டர் ஒவ்வொரு கணுவுக்கும் இவ்விதிப்படி ஒரு சமன்பாடு எழுதி, எல்லாச் சமன்பாடுகளையும் ஒன்றாகத் தீர்க்கிறது.

மின்தடைகள் மட்டும் உள்ள சுற்றில் இது நேரடியான கணக்கு. டயோடும் டிரான்சிஸ்டரும் ஓம் விதிக்கு அடங்குவதில்லை. எனவே சிமுலேட்டர் முதலில் ஒரு மதிப்பை ஊகித்து, பிழையைப் பார்த்துத் திருத்தி, விடை நிலைபெறும் வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது. மின்தேக்கியும் சுருளும் உள்ள சுற்றில் காலத்தையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இக்கணக்கைச் செய்கிறது. துண்டின் அளவு மிகப் பெரிதானால் அலைவடிவம் தவறாகத் தெரியும்.

மின்னழுத்தம் என்பது எப்போதும் இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. அதனால் ஸ்பைஸ் வகை மென்பொருள்களில் ஒரு கணுவை 'கிரவுண்ட்' என்று குறித்தாக வேண்டும். புதியவர்கள் பலர் முதலில் சந்திக்கும் பிழைச்செய்தி இதை மறப்பதால் வருவதே.

பரவலாகப் பயன்படும் சிமுலேட்டர்கள்

• பிஹெட்: 2001ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். இதன் மின்சுற்றுப் பெட்டி பள்ளி மாணவர்களுக்கு ஏற்றது. தமிழ் உட்படப் பல மொழிகளில் இத்திட்டத்தின் பாடங்கள் கிடைக்கின்றன.

• ஃபால்ஸ்டாட்: பால் ஃபால்ஸ்டாட் உருவாக்கிய, உலாவியிலேயே இயங்கும் இலவச சிமுலேட்டர். மின்னோட்டத்தை நகரும் புள்ளிகளாகவும், மின்னழுத்தத்தைக் கம்பியின் நிறமாகவும் காட்டுகிறது.

• டிங்கர்கேட்: ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் இணையச் சேவை. பிரெட்போர்டையும் ஆர்டுயினோ பலகையையும் பார்ப்பதற்கு உண்மை போலவே காட்டுவதால் தொடக்கநிலையினருக்கு எளிது.

• எல்டிஸ்பைஸ்: பொறியாளர்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருள். அனலாக் சுற்றுகளை ஆழமாக ஆராய உதவும்.

• இ-சிம்: மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான, மூலநிரல் திறந்த மென்பொருள். கேஐகேட், என்ஜிஸ்பைஸ் ஆகிய திறந்தமூல மென்பொருள்களைக் கொண்டு அமைக்கப்பட்டது.

கற்றலுக்கு உதவும் விதம்

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. இதனால் எழும் தவறான எண்ணங்கள் பல. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் பல்பில் 'செலவாகி', மறுமுனையில் குறைந்து வெளிவருகிறது என்று பலர் நினைப்பதுண்டு. நகரும் புள்ளிகள் பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் செல்வதைப் பார்க்கும்போது இந்த எண்ணம் அகல்கிறது. குறைவது மின்னோட்டம் அல்ல, மின்னழுத்தமே என்பது கம்பியின் நிறமாற்றத்தில் விளங்கிவிடுகிறது.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்து, 2005இல் வெளியான ஆய்வொன்று இதற்குச் சான்றாகிறது. அங்கே ஒரு பிரிவு மாணவர்கள் உண்மையான கருவிகளுடனும், மற்றொரு பிரிவினர் கணினி சிமுலேட்டருடனும் எளிய மின்சுற்றுகளைப் பயின்றனர். கருத்துசார் வினாக்களில் சிமுலேட்டர் பிரிவினர் மேலாகச் செய்தனர். பின்னர் உண்மையான பாகங்களைக் கையாண்டு சுற்று அமைத்து விளக்குவதிலும் அவர்களே முன்னின்றனர். எளிய சுற்றுகளில் கிடைத்த இந்த முடிவை எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவாக்க முடியாது. எனினும், சிமுலேட்டர் வெறும் விளையாட்டு என்ற கருத்தை அது மறுக்கிறது.

எடுத்துக்காட்டு: ஒரு எல்.ஈ.டி.யை எரியவிடுதல்

9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்.ஈ.டி. ஒன்றை எரியவிட வேண்டும் என்று கொள்வோம். எரியும்போது அதன் குறுக்கே ஏறத்தாழ 2 வோல்ட் இருக்கும். மீதி 7 வோல்ட்டை மின்தடை ஏற்க வேண்டும். 20 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால் தேவைப்படும் மின்தடை 7ஐ 0.02ஆல் வகுத்தால் வரும் 350 ஓம். கடையில் எளிதில் கிடைப்பவை 330 ஓமும் 390 ஓமும். முதலாவது ஏறத்தாழ 21 மில்லி ஆம்பியரும், இரண்டாவது 18 மில்லி ஆம்பியரும் தரும்.

இதை டிங்கர்கேட்டில் அமைத்து, மின்தடையை நீக்கிப் பார்த்தால் எல்.ஈ.டி. சேதமடைந்ததற்கான வெடிப்புக் குறி தோன்றும். எல்டிஸ்பைஸில் இதையே செய்தால் எந்த எச்சரிக்கையும் வராது. மின்னோட்டம் மிகப் பெரிய எண்ணாக மட்டும் காட்டப்படும். கால் வாட் மின்தடையில் 10 வாட் வெப்பம் உண்டானாலும் அந்த மென்பொருள் கணக்கைத் தொடரும். அந்த எண் இயல்பானதா என்று முடிவு செய்ய வேண்டியவர் கற்பவரே.

வரம்புகள்

பாகங்களின் மாறுபாடு: 10 கிலோ ஓம் மின்தடை வழியாக 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 9 வோல்ட்டில் மின்னேற்றினால், சரியாக 1 நொடியில் அது 63 சதவீதத்தை, அதாவது 5.7 வோல்ட்டை எட்டும் என்று சிமுலேட்டர் காட்டும். ஆனால் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளின் மதிப்பு பெரும்பாலும் 20 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். மேசையில் இதே சுற்று 0.8 நொடியும் எடுக்கலாம், 1.2 நொடியும் எடுக்கலாம்.

அளவுக் கருவியின் தாக்கம்: திரையில் உள்ள வோல்ட்மீட்டர் சுற்றைச் சிறிதும் பாதிக்காது. உண்மையான டிஜிட்டல் மல்டிமீட்டருக்குப் பெரும்பாலும் 10 மெகா ஓம் உள்தடை உண்டு. மேற்கண்ட சுற்றில் மின்தடையை 1 மெகா ஓமாக மாற்றி, மின்தேக்கியின் குறுக்கே மீட்டரை வைத்தால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அளவீடு 8.2 வோல்ட்டைத் தாண்டாது. பழுது சுற்றில் இல்லை. மீட்டரும் சுற்றின் ஒரு பகுதியாகிவிட்டது.

அளவுக்கு மீறிய ஒழுங்கு: இரண்டு டிரான்சிஸ்டர்களைக் கொண்டு இரு எல்.ஈ.டி.க்களை மாறி மாறி எரியவிடும் சுற்று, மேசையில் தானாகவே தொடங்கும். சிமுலேட்டரில் இரு பக்கமும் துல்லியமாக ஒன்றுபோல் இருப்பதால், அது அசையாமல் நின்றுவிடக்கூடும். உண்மைப் பாகங்களில் உள்ள சிறு ஏற்றத்தாழ்வே அதைத் தொடங்கி வைக்கிறது. திரையிலும் ஒரு மின்தேக்கியின் மதிப்பைச் சற்று மாற்றினால் அல்லது தொடக்க மின்னழுத்தம் ஒன்றைக் கொடுத்தால் சுற்று இயங்கத் தொடங்கும்.

கைப்பழக்கம்: தளர்ந்த இணைப்பு, பற்றாத ஈயம், பிரெட்போர்டில் ஒரு துளை தள்ளிச் செருகிய கம்பி ஆகியவை திரையில் நேருவது அரிது. பழுது கண்டறியும் திறன் இவற்றோடு போராடியே வளர்கிறது.

கற்கும் முறை

1. சுற்றை இயக்கும் முன், விடை என்னவாக இருக்கும் என்று தாளில் கணக்கிட்டு எழுத வேண்டும்.
2. இயக்கிப் பார்த்து, இரண்டும் வேறுபட்டால் காரணத்தைத் தேட வேண்டும்.
3. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மதிப்பை மட்டும் மாற்றி விளைவைக் கவனிக்க வேண்டும்.
4. வேண்டுமென்றே ஒரு பழுதை உண்டாக்கி, அளவீடுகளைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கப் பழகலாம்.
5. சிறிய சுற்றையேனும் உண்மையான பாகங்களில் கட்டி, மூன்று விடைகளையும் ஒப்பிட வேண்டும். ஒரு பேட்டரி, ஒரு பிரெட்போர்டு, சில பாகங்கள், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

பாதுகாப்பு

திரையில் 230 வோல்ட் மின்சாரமும் 9 வோல்ட் பேட்டரியும் ஒன்றுதான். இரண்டும் அதிர்ச்சி தராது. வீட்டு மின்சாரத்தின் உச்ச மின்னழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட். அதை நேரடியாகத் திருத்தி மின்தேக்கியில் சேமிக்கும் சுற்று, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டத்தைத் தாங்கி நிற்கக்கூடும். எனவே சிமுலேட்டரில் சரியாக இயங்குகிறது என்பதற்காக மட்டும் இத்தகைய சுற்றுகளைத் தொடக்கநிலையினர் கட்டக் கூடாது. பேட்டரியில் இயங்கும் குறைந்த மின்னழுத்தச் சுற்றுகளில் பழகிய பின், அனுபவம் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே அவற்றை அணுக வேண்டும்.