தாத்தாவுக்கு ஒரு கைத்தடி... லேசானதா? உறுதியானதா?

ஆடி மாதம் தேனிப் பக்கம் போயிருக்கிறீர்களா? மேற்கு மலைக் கணவாய் வழியாக இறங்கி வருகிற காற்று ஆளையே தள்ளும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் விர்ரென்று சுற்றும். கடைத்தெருவில் வேட்டியைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா என்று திண்டாட வேண்டியிருக்கும்.

அப்படி ஒரு காலை நேரம். காய்கறி வாங்கப் போன உங்கள் வீட்டுப் பெரியவர் லேசாகத் தடுமாறுகிறார். பக்கத்தில் இருந்த டீக்கடைத் தூணைப் பிடித்துச் சமாளித்துக் கொள்கிறார். வீட்டுக்கு வந்து அவராகச் சொல்ல மாட்டார். பார்த்தவர்கள் யாராவது வந்து சொல்லுவார்கள். "ஐயாவுக்கு ஒரு கம்பு வாங்கிக் குடுங்கப்பா!"

சரியென்று கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் இரண்டை எடுத்து வைக்கிறார். "இது அலுமினியம் சார், வெயிட்டே இருக்காது, மடிச்சுப் பையில வச்சுக்கலாம். இது நாலு கால் வச்சது, கொஞ்சம் வெயிட்டு, ஆனா ஸ்டெடியா நிக்கும். எது வேணும்?"

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தப்பு நடக்கிறது. "விலை கூடினதே நல்லதா இருக்கும்" என்று ஒருவர் வாங்குகிறார். "அப்பாவால வெயிட்டு தூக்க முடியாது" என்று இன்னொருவர் வாங்குகிறார். யாருக்காக வாங்குகிறோமோ, அவரைக் கடைக்கு அழைத்துப் போவதே இல்லை!

கண்ணாடிக்கு அளவு பார்க்கிறோம். செருப்புக்கு அளவு பார்க்கிறோம். கைத்தடிக்கு மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

விழுவது சின்ன விஷயமா?

இல்லவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன கணக்குப்படி, உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததால் உயிரிழக்கிறார்கள். அதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். வயதான காலத்தில் இடுப்பு எலும்பு முறிந்தால் ஆபரேஷன், படுக்கை, படுக்கைப் புண், நெஞ்சுச் சளி என்று ஒன்றன் பின் ஒன்றாக வரக்கூடும். அதனால் சரியான கைத்தடி என்பது அலங்காரப் பொருள் அல்ல. மருந்து மாதிரி. மருந்தில் அளவு தப்பினால் என்ன ஆகுமோ, அதுதான் இதிலும்.

கைத்தடி அப்படி என்னதான் செய்கிறது?

நாம் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, இடுப்பின் வெளிப்புறத் தசைகள் பலமாக இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுப்பும் உடல் எடையும் சேர்ந்து, ஊன்றிய காலின் இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு பாரம் விழும். 60 கிலோ ஆசாமி என்றால் 150 கிலோவுக்குக் குறையாது!

இப்போது எதிர்ப்பக்கத்துக் கையில் ஒரு தடியை ஊன்றுங்கள். பார்க்கில் குழந்தைகள் ஆடும் சீசா பலகையை நினைத்துக் கொள்ளுங்கள். நுனியில் உட்கார்ந்தால் சின்னப் பிள்ளைகூட பெரிய ஆளைத் தூக்கிவிடும் அல்லவா? அதுபோல, மூட்டிலிருந்து தள்ளி இருக்கும் கை கொஞ்சம் அழுத்தினாலே மூட்டின் சுமை நன்றாகக் குறைகிறது.

ஆகவே முதல் பாடம்: வலது காலில் வலி என்றால் தடி இடது கையில். இடது காலில் வலி என்றால் தடி வலது கையில். நோகிற பக்கமே பிடித்து நடப்பவர்கள்தான் நம் தெருவில் அதிகம். இன்றைக்கே கவனித்துப் பாருங்கள்!

லேசான தடி யாருக்கு?

அலுமினியத் தடி பெரும்பாலும் 300, 400 கிராம்தான் இருக்கும். கார்பன் ஃபைபர் தடி அதைவிட லேசு, விலைதான் கனம். லேசாக இருப்பதால் கை சலிக்காது. நடையின் வேகத்துக்கு ஈடு கொடுக்கும். மடக்கு மாடலாக இருந்தால் பஸ்ஸில், ரயிலில் பையில் போட்டுக் கொள்ளலாம்.

தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூன் மாதமும் அகலப் பாதையில் ரயில் வந்த பிறகு, மதுரைக்கு ரயிலில் போய்வரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ரயில் படியில் ஏறும்போது ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும். மறு கையில் நாலு கால் தடி இருந்தால் சங்கடம்தான். லேசான ஒற்றைத் தடி என்றால் மணிக்கட்டில் கயிற்றை மாட்டிக் கொண்டு ஏறிவிடலாம்.

மூட்டுத் தேய்மானம், லேசான தள்ளாட்டம், கூட்டத்தில் ஒரு தைரியத்துக்கு என்றால் இதுவே போதும். ஆனால் இதன் மேல் முழு பாரத்தையும் போடக் கூடாது. பொதுவாகக் கைத்தடி உடல் எடையில் கால் பங்கு வரைக்கும்தான் துணை நிற்கும். அதற்கு மேல் சாய வேண்டியிருந்தால் வேறு சாதனம்தான் வழி.

நாலு கால் தடி யாருக்கு?

பக்கவாதத்தால் ஒரு பக்கம் பலம் குறைந்தவர்களுக்கு இது பெரிய துணை. அடியில் நாலு கால் இருப்பதால் கூடுதல் பாரம் தாங்கும். கையை எடுத்தாலும் தானே நிற்கும். ஒரு கைதான் வேலை செய்கிறது என்றால், கதவைத் திறக்கவும் சட்டைப் பித்தான் போடவும் தடியை விட்டுவிட்டுக் கையைப் பயன்படுத்தலாம். குனிந்து எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு எச்சரிக்கை உண்டு.

ஒன்று, நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். இரண்டு கால் மட்டும் பட்டால் தடி ஆடும். அந்த ஆட்டமே ஆளைக் கவிழ்த்துவிடும். சமமான தரை, நிதானமான நடை... இரண்டும் இருந்தால்தான் இது உறுதியான தடி. மேடு பள்ளத்தில் இதுவே ஆபத்தான தடி!

இரண்டு, அடிப்பாகத்தில் ஒரு பக்கம் தட்டையாகவும் மறு பக்கம் கால்கள் அகன்றும் இருக்கும். தட்டையான பக்கம் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் அகன்ற கால் தடுக்கிவிடும். வலது கைக்கு மாட்டியிருப்பதை இடது கைக்குத் திருப்பி மாட்டித் தரச் சொல்லிக் கடையிலேயே கேளுங்கள்.

மூன்று வீடு... மூன்று தடி!

தேனி நகரில் மாடி வீட்டில் இருக்கும் அம்மா என்று வைத்துக் கொள்வோம். முழங்கால் வலி. காலையில் கோயில், சாயங்காலம் பேத்தியை டியூஷனில் விட வேண்டும். இவருக்கு லேசான ஒற்றைத் தடி.

சின்னமனூரில் பக்கவாதம் வந்து தேறிவரும் பெரியப்பா. வீட்டுக்குள்ளும் வாசல் வரையிலும்தான் நடமாட்டம். சிமென்ட் தரை. இவருக்கு நாலு கால் தடி. அதுவும் இயன்முறை சிகிச்சையாளர் பக்கத்தில் நின்று பழக்கிய பிறகு.

மூன்றாவது, கூடலூர்க்காரத் தாத்தா. 1895 முதல் பெரியாறு தண்ணீர் பாயும் பூமி. விடிந்ததும் வரப்பில் நடந்து ஒரு சுற்று வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பேரன் சென்னையிலிருந்து ஆசையாக நாலு கால் தடி வாங்கி வருகிறான். வரப்பின் அகலம் என்ன? ஓரடி. அதில் நாலு கால் எங்கே நிற்கும்? இவருக்கு வேண்டியது, மடக்காத, கெட்டியான ஒற்றைத் தடி. அடியில் அகலமான ரப்பர். மடக்குத் தடியின் மூட்டுகள் நாளாக நாளாக ஆட்டம் காணும் என்பதால் வயல் காட்டுக்கு ஒத்து வராது.

பார்த்தீர்களா? லேசு, உறுதி என்பது தடியில் மட்டும் இல்லை. நடக்கும் காலும் நடக்கும் பாதையும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு தடி வைத்துக் கொண்டாலும் தப்பில்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நாலு கால் தடியைக் கொண்டு போனால், அடுத்தவர் கால் அதில் தடுக்கி இருவரும் விழுவார்கள். அங்கே ஒற்றைத் தடியும் பேரன் தோளும்தான் சரி.

அளவு எடுப்பது எப்படி?

வீட்டிலேயே செய்யலாம். வழக்கமாகப் போடும் செருப்பைப் போட்டுக் கொண்டு, அவர் எப்படி நிற்பாரோ அப்படியே நிற்கட்டும். கூன் இருந்தால் கூனோடு நிற்கட்டும். நிமிர்த்த வேண்டாம். கைகள் தளர்வாகத் தொங்கட்டும். மணிக்கட்டில் ரேகை மடிப்பு இருக்கிறதே, அதிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் தடியின் உயரம்.

பிடித்துப் பார்க்கும்போது முழங்கை லேசாக மடங்கி இருக்க வேண்டும். தடி உயரமாக இருந்தால் தோள் தூக்கி வலிக்கும். குட்டையாக இருந்தால் முதுகு வளையும். அலுமினியத் தடியில் பித்தானை அழுத்தித் துளை மாற்றிக் கொள்ளலாம். மரத் தடி என்றால் தலைகீழாக நிறுத்தி, மணிக்கட்டு உயரத்தில் கோடு போட்டு, ரப்பருக்கு அரை அங்குலம் விட்டு அறுத்துக் கொள்ள வேண்டும். தாத்தா விட்டுப்போன தடியை அப்பத்தா அப்படியே ஊன்றுவது பாசத்துக்குச் சரி. முதுகுக்குச் சரியல்ல.

நடப்பது எப்படி?

தடியும் நோகிற காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். பிறகு நல்ல கால். படி ஏறும்போது முதலில் நல்ல கால், அடுத்து நோகிற காலும் தடியும். இறங்கும்போது முதலில் தடியும் நோகிற காலும், பிறகு நல்ல கால். "ஏறுறதுக்கு நல்லது, இறங்குறதுக்கு நோகுறது" என்று நாலு தரம் சொல்லிப் பாருங்கள், மனதில் பதிந்துவிடும். கைப்பிடிச் சுவர் இருந்தால் மறு கை கட்டாயம் அதில் இருக்கட்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

* கைப்பிடி: வளைந்த கொக்கிப் பிடி மாட்டி வைக்க வசதி. ஆனால் பாரம் தண்டின் மேல் நேராக இறங்காது. தண்டே கொஞ்சம் வளைந்து, பிடி அதற்கு நேர் மேலே இருக்கும் மாடலில் பாரம் நேராக இறங்கும். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு அகலமான, மெத்தென்ற பிடி நல்லது.

* ரப்பர் புஷ்: கவிழ்த்துப் பாருங்கள். வரி வரியாகப் பள்ளம் இருக்க வேண்டும். வழுவழுவென்று தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். ஈர டைல்ஸிலும் சுருளி அருவிப் பக்கத்து ஈரப் பாதையிலும் தேய்ந்த ரப்பர் பாசி மாதிரி வழுக்கும்.

* தாங்கும் எடை: எத்தனை கிலோ தாங்கும் என்று தடியிலோ அட்டையிலோ போட்டிருக்கும். பார்த்து வாங்குங்கள்.

* பூட்டு: உயரம் மாற்றும் பித்தான் துளைக்குள் முழுசாக வெளியே வந்து நிற்கிறதா? அழுத்திப் பாருங்கள்.

* கடைசியாக, பெரியவர் கையில் கொடுத்துப் பத்தடி நடக்க விடுங்கள். கனமான தடியை அவர் தூக்காமல் தரையில் இழுத்துக் கொண்டே வந்தால், அது அவருக்கு ஆகாது.

தடியால் தீராதது

எழுந்தவுடன் கண்ணை இருட்டிக் கொண்டு வருகிறதா? அதற்குக் கைத்தடி மருந்தல்ல. பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, சர்க்கரை இறங்குவது, கண் புரை... எது காரணம் என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். இரண்டு காலும் பலமில்லை என்றால் ‘வாக்கர்’ தேவைப்படலாம். நடுக்குவாதம் இருந்தால் நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். தேனிப் பக்கத்தவர்கள் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் யோசனை கேட்கலாம்.

உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் தாயாருக்குத் தடி வாங்க வசதி இல்லையா? வருமானம் குறைந்த மூத்த குடிமக்களுக்குக் கைத்தடி, வாக்கர் போன்றவற்றை இலவசமாகத் தருவதற்காக 2017 ஏப்ரலில் மத்திய அரசு ‘ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா’ திட்டத்தைத் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முகாம் உண்டா என்று விசாரித்துச் சொல்லுங்கள். புண்ணியமாகப் போகும்.

எல்லாம் சரி... அவர் பிடிப்பாரா?

இதுதான் பெரிய கேள்வி! "கம்பு ஊனுனா கிழவன்னு சொல்லிருவாங்கப்பா" என்று வாங்கி வந்த தடியைக் கதவு மூலையில் சாத்திவிடுவார்கள். பிறகு விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வெளியே போவதையே நிறுத்துவார்கள். நடை குறையக் குறையக் காலில் பலம் குறையும். பலம் குறைந்தால் விழுவது இன்னும் சுலபம். அந்தக் கதவு மூலைத் தடியால் யாருக்கு என்ன பயன்?

அதனால் தடியை நீங்களே தேர்ந்தெடுத்துக் கையில் திணிக்காதீர்கள். அவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். நிறம், பிடி எல்லாம் அவர் இஷ்டம். அளவு மட்டும் உங்கள் பொறுப்பு. வாங்கிய முதல் வாரம், "வாங்க ஐயா, டீக்கடை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கூடவே நடங்கள்.

டீக்கடைத் தூணைப் பிடித்தவர், நாளை அதே கடை வாசலில் தடியை ஊன்றி நின்று ஊர்க்கதை பேசட்டும். ஆடிக் காற்று அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டுமே!