பாட்டி ஏற ஒரு படி: நிறுவனப் படியா, கடைப் படியா?

நம் நாட்டில் வீட்டுப் படிக்கட்டில் ஒரு படி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதற்குச் சட்டமே உண்டு. 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச் சட்டங்களின்படி அது 180 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. எங்கள் வீட்டு பிக்கப் வண்டியின் கதவடி விளிம்பை நான் அளவு நாடா வைத்து அளந்தேன். தரையிலிருந்து 58 சென்டிமீட்டர் இருந்தது. மூன்று வீட்டுப் படிகளை ஒரே எட்டில் ஏறுவதற்குச் சமம். என் தம்பிக்கு அது விளையாட்டு. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன 74 வயது பாட்டிக்கு அது மதில் சுவர்.

பாட்டியை மாதம் ஒருமுறை சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே வண்டி. அப்பா செம்பனைத் தோட்டங்களில் குத்தகை வேலை செய்கிறார். செம்மண் சகதியில் போய்வர இந்த உயரமான வண்டி இல்லாமல் முடியாது. வண்டியை விற்று கார் வாங்குங்கள் என்று சொந்தக்காரர்கள் எளிதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மாமாதான் வேறு யோசனை சொன்னார்: "கதவைத் திறந்தா தானா இறங்குற படி இருக்கு மச்சான், போட்டுப் பாருங்க." மெக்கட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் என்பதால் விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

வண்டியின் பக்கவாட்டில் படி வைப்பது புதிய யோசனை அல்ல. ஃபோர்டு மாடல் டி காலத்து கார்கள் பெரும்பாலானவற்றுக்கும் கதவுக்குக் கீழே நீளமான பலகை இருந்தது. பிறகு கார்கள் அகலமாகவும் தாழ்வாகவும் மாறியதும் பலகைக்கு வேலையில்லாமல் போயிற்று. பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் எங்காவது கண்ணில் பட்டால் சக்கரங்களுக்கு நடுவே பாருங்கள், அந்தப் பலகையின் மிச்சம் இருக்கும். பிக்கப் வண்டிகளும் பெரிய குடும்ப வண்டிகளும் பெருகியதும் படி திரும்பி வந்தது. மோட்டாரில் இயங்கும் படியை நிறுவனமே பொருத்தி விற்றது 2003ஆம் ஆண்டு லிங்கன் நேவிகேட்டரில். அதன்பின் அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 போன்ற பிக்கப்களின் விலை உயர்ந்த ரகங்களில் மின்படி நிறுவனப் பொருளாகவே வரத் தொடங்கியது. அங்கே கேள்வி நேரடியானது: வண்டி வாங்கும்போதே நிறுவனத்தின் மின்படியைக் கேட்டு வாங்குவதா, பிறகு வெளிக்கடையில் போட்டுக்கொள்வதா?

எங்களுக்குக் கேள்வி சற்றே வேறு. எங்கள் வண்டியோடு நிறுவனம் கொடுத்தது அசையாத படி. மின்படி வேண்டுமென்றால் வெளிக்கடைதான். ஆனாலும் அமெரிக்கர்கள் கேட்கும் அதே கேள்விகளை நாங்களும் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

முதலில் அளவு. நிறுவனத்தின் அசையாத படி தரையிலிருந்து 42 சென்டிமீட்டரில் நின்றது. பாட்டி முதலில் 42 ஏற வேண்டும், பிறகு 16. கடையில் காட்டிய மின்படி இறங்கி நின்றபோது 30 சென்டிமீட்டர். அடுத்த எட்டு 28. மொத்த உயரம் அதேதான். ஆனால் முழங்காலை எவ்வளவு மடக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பெரிய எட்டுதான். 42க்கும் 30க்கும் உள்ள வேறுபாட்டைக் காகிதத்தில் பார்த்தால் ஒரு சாண்கூட இல்லை. பாட்டியின் முகத்தைப் பார்த்தால் தெரியும். அசையாத படியைத் தாழ்த்தி வைக்கலாமே என்று கேட்கலாம். தாழ்த்தினால் தோட்டத்துப் பாதையில் முதல் மேட்டிலேயே இடித்துக்கொள்ளும். மடிந்து மேலே போவதால்தான் மின்படியால் அவ்வளவு கீழே வர முடிகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

எஸ்பிஎம் பௌதிகம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது நல்ல பாடம். படியைத் தாங்குவது நான்கு கம்பி இணைப்பு எனப்படும் எளிய அமைப்பு. நான்கு துண்டுகள், நான்கு மூட்டுகள். ஒன்றைத் திருப்பினால் மற்றவை வரையறுத்த பாதையில் மட்டுமே நகரும். இந்தத் துறையில் பெயர்பெற்ற ஏஎம்பி ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கிய ஹோர்ஸ்ட் லைட்னர், மலைச் சைக்கிள்களின் பின்சக்கர அதிர்வுத் தாங்கிக்காக இதே வகை இணைப்பை வடிவமைத்தவர். சைக்கிள் உலகில் அது இன்றும் 'ஹோர்ஸ்ட் லிங்க்' என்றே அழைக்கப்படுகிறது. சைக்கிள் தாங்கியும் வண்டிப் படியும் ஒரே குடும்பம் என்று தெரிந்தபோது எனக்கு விரிவுரையில்கூட வராத உற்சாகம் வந்தது.

படி முழுவதும் வெளியே வந்ததும் கைகள் ஒரு தடுப்பில் போய் முட்டி நிற்கும். ஏறுபவரின் பாரம் அங்கிருந்து வண்டியின் சட்டத்துக்குப் போகிறது. மோட்டார் அதைச் சுமப்பதில்லை. அதனால்தான் சிறிய 12 வோல்ட் மோட்டார் போதுமாக இருக்கிறது. ஏஎம்பி தன் படிக்கு 600 பவுண்டு, அதாவது சுமார் 272 கிலோ தாங்கும் என்று குறிப்பிடுகிறது.

படி மடியும்போது யாருடைய காலாவது நடுவில் இருந்தால்? மோட்டார் தடைபட்டு வேகம் குறைந்தால் அதில் உருவாகும் பின்மின்னியக்கு விசை குறையும். உடனே மின்னோட்டம் கூடும். கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த ஏற்றத்தைக் கவனித்து மோட்டாரை நிறுத்தும் அல்லது திருப்பும். காலையும் கல்லையும் சகதியையும் பிரித்தறிய அதற்குத் தெரியாது. மூட்டில் செம்மண் இறுகினாலும் தடை தடைதான். படி பாதியில் நின்றுவிடும். அப்பாவின் வேலைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கதவு திறந்தது படிக்கு எப்படித் தெரியும் என்பதில்தான் நிறுவனப் படிக்கும் கடைப் படிக்கும் உண்மையான வேறுபாடு இருக்கிறது. நிறுவனம் பொருத்திய மின்படி வண்டியின் சொந்தக் கணினியோடு பேசுகிறது. தானாக இயங்கு, வெளியே நில், இயங்காதே என்று ஓட்டுநர் திரையிலேயே தேர்ந்துகொள்ளலாம். வண்டியின் உத்தரவாதம் படிக்கும் பொருந்தும். ஃபோர்டின் அமெரிக்க அடிப்படை உத்தரவாதம் 3 ஆண்டு அல்லது 36,000 மைல். எவராவது புதிய வண்டிக்கு நிறுவன மின்படியைக் கொடுத்தால், யோசிக்காமல் அதையே எடுங்கள் என்பேன்.

கடைப் படிக்கு அந்த வசதி இல்லை. அது செய்தியை எங்கிருந்தாவது பெற வேண்டும். நாங்கள் பார்த்த கடைகளில் மூன்று வழிகளைச் சொன்னார்கள். கதவு விளக்குக்குப் போகும் வயரைக் கீறி இன்னொரு வயரை ஒட்டுவது ஒன்று. கதவில் சிறிய சென்சார் ஒட்டுவது இன்னொன்று. அதற்குள் பொத்தான் அளவு பேட்டரி, அது தீரும் நாளில் படி வராது. மூன்றாவது, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி-2 துளையில் செருகுவது. போமன் கணினியைச் செருகிப் பழுது பார்க்கும் அதே துளைதான். அதில் 6, 14 எண் முனைகள் வழியாக கேன் எனப்படும் வண்டியின் உள் தகவல் வலையைப் படிக்கலாம். போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய முறை அது. கதவு திறந்தது, மூடியது என்ற செய்தி அந்த வலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. செருகி அதை ஒட்டுக்கேட்கிறது, அவ்வளவே. வயர் வெட்ட வேண்டியதில்லை. ஒரு குறை உண்டு. வண்டி நின்ற பிறகும் செருகி தூங்கப் போகாமல் விழித்திருந்தால் பேட்டரி மெல்ல வடியும். பொருத்தியபின் ஓரிரவு விட்டுப் பார்த்து அளக்கச் சொல்லுங்கள்.

முதல் கடையில் தவுக்கே கீறி ஒட்டும் வழியைத்தான் சொன்னார், விலை குறைவு என்பதால். கதவடியில் ஓடும் வயர்க் கட்டில் ஏர்பேக்கின் மஞ்சள் இணைப்பிகளும் இருக்கின்றனவே என்றேன். "பத்து வருஷமா செய்றோம், ஒண்ணும் ஆகல" என்றார். அப்பா ஒரே கேள்வி கேட்டார்: "மூணு வருஷம் கழிச்சு நின்னு போச்சுன்னா மோட்டார் மட்டும் தனியா கிடைக்குமா, முழுசா வாங்கணுமா?" முழுசாக என்று பதில் வந்தது. திரும்பிவிட்டோம்.

அப்பா கேட்டதற்குச் சட்டத்திலும் இடம் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆவது பிரிவு, பழுது பார்ப்பதற்கும் உதிரிப் பாகங்களுக்கும் நியாயமான காலம்வரை வழி இருக்க வேண்டும் என்பதை ஓர் உத்தரவாதமாகவே கருதுகிறது. தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் இன்னொரு பாதுகாப்பு தருகிறது: வெளிப்பொருள் பொருத்தியதை மட்டுமே காரணம் காட்டி வண்டி நிறுவனம் உத்தரவாதத்தை மறுக்க முடியாது, பழுதுக்கு அந்தப் பொருள்தான் காரணம் என்று காட்ட வேண்டும். இங்கே அந்த நம்பிக்கையில் இறங்காதீர்கள். வண்டி விற்றவர், காப்புறுதி நிறுவனம், ஜேபிஜே மூவரிடமும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. எங்களுக்கு அதற்கே இரண்டு வாரம் பிடித்தது.

பாட்டியின் சோதனை

இரண்டாவது கடைக்குப் பாட்டியையும் கூட்டிப் போனோம். அங்கே காட்சிக்கு நின்ற வண்டியில் கதவைத் திறந்ததும் படி சத்தமில்லாமல் இறங்கியது. பாட்டி சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார். எல்லாருக்கும் சந்தோஷம். கடை ஆள் விலைப்பட்டியலை எடுக்கப் போனார்.

இறங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. ஏறும்போது படி கண்ணுக்குத் தெரிகிறது. இறங்கும்போது தெரியாது, பாட்டி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி, காலால் துழாவித்தான் இறங்குவார். துழாவிய காலை வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, நான் காலை வைக்கிற நேரத்துல இது உள்ள போயிட்டா?"

கதவு திறந்திருக்கும்வரை போகாது பாட்டி என்றார் கடை ஆள். உண்மைதான். ஆனால் பாட்டி கேட்டது அதை மட்டுமல்ல. ஃபியூஸ் போன நாளில், சகதி இறுகிய நாளில், படி வராமலே இருந்தால்? அசையாத படி இல்லாத வண்டியில் கால் எச்சரிக்கையாக இருக்கும். நூறு முறை வந்த படி நூற்றோராவது முறை வராவிட்டால், கால் அதை நம்பித்தான் இறங்கும். பொறியியலில் ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைவிட, கெடும்போது எந்த நிலையில் நின்று கெடுகிறது என்று கேட்கச் சொல்லித் தருகிறார்கள். அதைப் பாட்டி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கேட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் தேடல் சுருங்கியது. பளபளப்பு, கீழே எரியும் எல்இடி விளக்கு எல்லாம் பின்னுக்குப் போயின. படியை வெளியே நிறுத்தி வைக்கவும், முழுவதும் முடக்கவும் தனி விசை இருக்கிறதா? பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக மின்சாரம் வருகிறதா? மோட்டார் தனியாகக் கிடைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்று எழுதித் தந்த கடையில் ஓபிடி செருகி உள்ள வகையை வாங்கினோம். விலை அப்பாவின் ஒரு மாத வருமானத்தைத் தாண்டியது. மாமாவும் பங்கு போட்டார். கழற்றிய நிறுவனப் படி வீட்டுக் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது.

இப்போது தோட்டத்துக்குப் போகும் நாளில் விசை முடக்கிய நிலையில் இருக்கும். படி மடிந்தே கிடக்கும், அப்பா பழையபடி தாவி ஏறுவார். பாட்டி வரும் நாளில் வீட்டு வாசலிலேயே படியை வெளியே நிறுத்திவிடுவோம். மருத்துவமனை வாசலிலும் அப்படித்தான்: ஓட்டியவர் முதலில் இறங்கி வந்து, படி நிற்கிறதா என்று பார்த்து, பிறகுதான் பாட்டியின் கதவைத் திறக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். தானாக இயங்கும் வசதிக்குப் பணம் கட்டிவிட்டு அதைப் பெரும்பாலும் பயன்படுத்தாமலே இருக்கிறோம் என்று மாமா கேலி செய்கிறார். 30 சென்டிமீட்டரில் அசையாமல் நிற்கும் படி, மேடு வந்தால் மேலே போய்விடும் படி: நாங்கள் வாங்கியது அதைத்தான் என்று அவருக்குச் சொன்னேன்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. சகதியில் போய்வந்தால் படியை வெளியே நிறுத்தி மூட்டுகளில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும்; காய்ந்ததும் மூட்டுகளில் மட்டும் சிலிக்கான் ஸ்பிரே. கிரீஸ் தடவினால் செம்மண்ணை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கால் வைக்கும் பலகையின் மேல் எதுவுமே தடவக்கூடாது, வழுக்கும். டயருக்குப் போடும் பளபளப்புத் திரவத்தைப் படிக்கும் போட்டால் அழகாக இருக்குமே என்று தம்பி போன வாரம் கேட்டான். அந்தப் போத்தல் இப்போது என் அறையில் இருக்கிறது.