திருவையாறு: ஐந்தாவது பாலம் தாண்டி

வார இறுதியில் தஞ்சாவூர் வரை வரும் நேயர்களே, இன்னும் 13 கிலோமீட்டர் வடக்கே வாருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி எனப் பாலம் பாலமாகக் கடந்து, ஐந்தாவதாகக் காவிரி, அக்கரையில் திருவையாறு.

புஷ்ய மண்டபப் படித்துறையில், ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்களில், காலை நனைத்து உட்கார்ந்திருப்பதே தனிச் சுகம். ஐயாறப்பர் கோயில் பிராகாரத்தில் ‘ஐயாறா’ என்று பிள்ளைகளை உரக்கக் கூப்பிடச் சொல்லுங்கள். குரல் அடுக்கடுக்காகத் திரும்பி வரும்.

1847இல் மறைந்த தியாகராஜரின் சமாதி ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைத்தெருவில் பாசிப்பருப்பை நெய்விட்டுக் கிளறிய அசோகா, இலைத் துண்டில் சுடச்சுடக் கிடைக்கும். நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே வந்துவிடுங்கள்.