கடல் எப்படிக் கிணற்றுக்குள் வந்தது?

கடலே கண்ணுக்குத் தெரியாத ஊரில், கிணற்றுத் தண்ணீர் மட்டும் உப்புக் கரிக்குமா நேயர்களே?

சென்னைக்கு வடக்கே, அத்திப்பட்டிலிருந்து ரயிலேறினால் இரண்டாவது நிலையம் மீஞ்சூர். ஒரு காலத்தில் அள்ள அள்ள நன்னீர் தந்த வட்டாரம். கொசஸ்தலையாறும் ஆரணியாறும் பழங்காலத்தில் விட்டுச்சென்ற மணலுக்குள்தான் அந்தத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து சென்னையின் தாகத்துக்கும் ஆலைகளுக்கும் அதை இறைத்தார்கள். நெல் வயல்களுக்கும் அதுவேதான்.

மழை நிரப்பியதைவிட மோட்டார்கள் உறிஞ்சியது அதிகம். நன்னீரின் அழுத்தம் குறைந்ததும், காத்திருந்த கடல்நீர் மணலுக்குள்ளேயே பல கிலோமீட்டர் உள்ளே நகர்ந்து வந்துவிட்டது. பயிர் வைத்தவர்களின் கிணறுகள் கெட்டன. உண்மையிலேயே மனம் கனக்கும் இழப்பு இது.

பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தொடங்கினார்கள். அது நகரத்துக்கு உதவும்; கெட்ட கிணற்றைத் தேற்றாது. அதற்கு மழைநீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும். வல்லூர் அணைக்கட்டு போன்ற தடுப்புகள், எண்ணூரில் கடல் சேரப்போகும் கொசஸ்தலையாற்று வெள்ளத்தைக் கொஞ்சம் நிறுத்தி, அந்தப் பழைய மணலுக்கே திருப்பி ஊட்டுகின்றன.